பெட்ரூம்ல ஹோம் தியேட்டர்: கடைக்குப் போறதுக்கு முன்னாடி தலையணைலேந்து அளந்து பாருங்க

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்ங்க. வழக்கமா படம் பாக்குற மாதிரியே தலையணைய முதுகுக்கு வச்சு கட்டில்ல சாஞ்சு உக்காருங்க, வீட்ல யாரையாவது கூப்பிட்டு உங்க காது தரையிலேந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு டேப் வச்சு அளக்கச் சொல்லுங்க. அப்புறம் காதுக்கும் பின் சுவருக்கும் எவ்வளவு, காதுலேந்து டிவிக்கு எவ்வளவு, இடது சுவருக்கு எவ்வளவு, வலது சுவருக்கு எவ்வளவு. மொத்தம் அஞ்சு நம்பர். ஃபோன்ல எழுதி வச்சுக்குங்க. எந்த பிராண்டு, எத்தனை வாட்ஸ், மேலேந்தும் சத்தம் வர்ற அட்மாஸ் வேணுமா வேணாமான்னு கேக்குற எல்லா கேள்விக்கும் பாதி பதில் இந்த அஞ்சு நம்பர்லதான் இருக்கு.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, நிறைய பேர் தலைகீழா பண்றாங்க. கடையில பெரிய செட் ஒண்ணு ஓடும், கேட்டதும் பிடிச்சுப் போகும், வாங்கிட்டு வந்து பெட்ரூம்ல வச்சா கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல அது போய் உக்கார இடமே இருக்காது, கடைசில ரெண்டு ஸ்பீக்கர் அலமாரி மேல ஏறிடும், ஒண்ணு கதவுக்குப் பின்னாடி போயிடும். பணம் போச்சு, சத்தம் மட்டும்தான் மிச்சம். பெட்ரூம்ல கட்டில நகர்த்த முடியாது, அலமாரிய நகர்த்த முடியாது, ஏர்கான நகர்த்த முடியாது. அதனால உங்க தலை எங்க இருக்குங்கறதுதான் ஆரம்பம், ஸ்பீக்கர் அதுக்கு ஏத்த மாதிரி வரணும்.

நாங்க இருக்கறது சிங்கப்பூர்ல, யீஷூன்ல நாலறை எச்டிபி வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு. ஹால்ல அம்மா சீரியல் பாப்பாங்க, பசங்க அங்கயே ஹோம்வொர்க் பண்ணுவாங்க, அதனால படம்னா எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் பெட்ரூம்தான். ரூம் ஏறக்குறைய 3 மீட்டருக்கு 3 மீட்டர். என் அஞ்சு நம்பர் இது: காது தரையிலேந்து 108 செமீ, பின் சுவருக்கு 35 செமீ, டிவிக்கு 2.4 மீட்டர், ஒரு பக்க சுவருக்கு 1.2 மீட்டர், இன்னொரு பக்கம் 1.8. இந்த அளவ வச்சே உதாரணம் சொல்றேன், உங்களுக்கும் பெருசா மாறாதுன்னு நினைக்கிறேன்.

முதல்ல ரூம புரிஞ்சுக்குங்க

3 மீட்டர் சதுர ரூம்னா ஒரு பிரச்சனை இருக்கு. சத்தம் நொடிக்கு சுமார் 343 மீட்டர் ஓடுது, அதை 3 மீட்டரோட ரெண்டு மடங்கால வகுத்தா 57 வருது. அதாவது 57 ஹெர்ட்ஸ் கிட்ட இருக்குற பேஸ், அந்த கனத்த கீழ் சத்தம், ரெண்டு சுவருக்கும் நடுவுல மோதி மோதி நின்னு ஊதும். நீளமும் அகலமும் ஒரே அளவுங்கறதால அதே 57 ரெண்டு பக்கமும் சேந்து அடிக்கும், மேல்தளம் சுமார் 2.6 மீட்டர்னா அது 66 கிட்ட இன்னொண்ணு. தபேலா, பறை, படத்துல வர்ற குண்டு சத்தம் எல்லாம் இந்த ஏரியாலதான் நடக்குது. சுவர ஒட்டி பேஸ் எப்பவும் அதிகமா இருக்கும், நம்ம தலையோ கட்டில் தலைமாட்டுல பின் சுவர ஒட்டித்தான் இருக்கு. அதனால பெட்ரூம்ல பேஸ் பத்தலைங்கற கவலையே வேணாம், அடக்கறதுதான் வேலை.

ஒரு சோதனை செஞ்சு பாருங்க. ஏதாவது பேஸ் உள்ள பாட்ட ஓடவிட்டு தலைய சுவர்ல முட்டுக் குடுத்து கேளுங்க, அப்படியே மெதுவா முன்னாடி ஒரு அடி, ஒன்றரை அடி வாங்க. பேஸ் தெளிவாகிறது காதுக்கே தெரியும். தலைமாட்டுல ஒரு கனமான தலையணை கூட வச்சு 35 செமீய 50 ஆக்கினா காசில்லாம கிடைக்கிற அப்கிரேட் அது.

பெட்ரூமுக்கு ஒரு நல்லதும் இருக்கு. மெத்தை, தலையணை, போர்வை, துணி அலமாரி, திரைச்சீலை எல்லாமே எதிரொலிய உறிஞ்சும். ஹால்ல டைல்ஸ் தரையில பேச்சு கலங்கற மாதிரி இங்க கலங்காது, அதனால சின்ன ஸ்பீக்கரே இங்க நல்லா பேசும்.

எத்தனை ஸ்பீக்கர் வேணும்

நான் நேராவே சொல்றேன். ரெண்டு பேர் படுத்து பாக்குற ரூம்னா 3.1 வாங்குங்க. முன்னாடி இடது, வலது, நடுவுல சென்டர், பேஸுக்குன்னே ஒரு சின்ன சப்வூஃபர். தனியா ஒருத்தர்தான் பாக்குறீங்க, நடு மத்தில உக்காருவீங்கன்னா சென்டர் கூட வேணாம், ரெண்டு நல்ல ஸ்பீக்கருக்கு நடுவுல குரல் தானா வந்து நிக்கும். ஆனா கட்டில்ல ரெண்டு பேர்னா யாருமே நடுவுல இல்ல, ஆளுக்கு ஒரு பக்கம், அப்போ ஹீரோ பேசறது அவங்கவங்க பக்கத்து ஸ்பீக்கர்லேந்து வரும், டிவிலேந்து வராது. நம்ம படங்கள்ல பின்னணி இசை ஓங்கி வர்றப்போ வசனம் மூழ்கிடுதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, சப்டைட்டில் போட்டு தமிழ்ப் படம் பாக்குற நிலைமை கூட சில வீட்ல இருக்கு. தனி சென்டர் இருந்தா அதை மட்டும் 2 டெசிபல் ஏத்திக்கலாம். பெட்ரூமுக்கு நான் சென்டரத்தான் முக்கியம்னு சொல்வேன், பின் ஸ்பீக்கர்லாம் அப்புறம்.

5.1, அதாவது இதோட ரெண்டு பின் ஸ்பீக்கரும் (சரவுண்ட்) சேத்து வேணும்னா செய்யலாம், அதுக்கு இடம் இருக்கான்னு கீழ சொல்றேன். 7.1 வேணாம், அதுல ரெண்டு ஸ்பீக்கர் உங்க தலைக்குப் பின்னாடி நிக்கணும், உங்க தலைக்குப் பின்னாடி சுவர்தான் இருக்கு. அட்மாஸ் 2012ல தியேட்டருக்கும் 2014ல வீட்டுக்கும் வந்துச்சு, மேல்தளத்துலேந்து மழை பெய்யற மாதிரி கேக்கறது அருமையான அனுபவம்தான், மறுக்கல. ஆனா மேல்நோக்கி அடிக்கிற ஸ்பீக்கர் வச்சா அந்த சத்தம் மேல்தளத்துல பட்டு திரும்பி காதுக்கு வரணும், அது படுற இடம் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவுல, கரெக்டா அங்கதான் நம்ம வீட்ல சீலிங் ஃபேன் தொங்குது. ஃபேன் இல்லாத, ஏர்கான் மட்டும் உள்ள ரூம்னா யோசிக்கலாம்.

சவுண்ட்பார் பத்தியும் கேப்பீங்க. வாடகை ரூம், சுவர்ல ஓட்டை போடக்கூடாது, ரெண்டு வருஷத்துல வீடு மாறணும்னா தனி சப்வூஃபரோட வர்ற சவுண்ட்பார் நல்ல தேர்வு, அதுல ஒரு குறையும் இல்ல. சென்டர் சேனல் தனியா இருக்கான்னு மட்டும் பாருங்க, அதாவது 2.1 இல்லாம 3.1ன்னு போட்டிருக்கணும்.

ஸ்பீக்கர்ல என்ன பாக்கணும்

வாட்ஸ பாத்து மயங்காதீங்க. ஸ்பெக்ஸ்ல சென்சிட்டிவிட்டின்னு ஒண்ணு இருக்கும், 86 டெசிபல்னு வச்சுக்குங்க. 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல 86 டெசிபல் வரும்னு அர்த்தம். தூரம் ரெண்டு மடங்கானா 6 குறையும், அப்போ 2 மீட்டர்ல 80. பத்து மடங்கு வாட் குடுத்தா 10 ஏறும், அதாவது வெறும் 10 வாட்லயே 90 டெசிபல். எச்டிபி பெட்ரூம்ல 90 டெசிபல்ல படம் பாத்தா பக்கத்து புளோக்குக்கே கேக்கும். அதனால 1000 வாட்ஸ்னு அட்டையில எழுதியிருக்கறதுக்கு கூட ஒரு வெள்ளி குடுக்காதீங்க.

சைஸ்: 4 இஞ்ச் இல்லன்னா 5 இஞ்ச் வூஃபர், அதாவது அந்த பெரிய வட்டம், உள்ள புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதும். டவர் ஸ்பீக்கர் இந்த ரூமுக்கு ஆகாது. கீழ் பேஸ சப்வூஃபர் பாத்துக்கும், இவங்க 80 ஹெர்ட்ஸுக்கு மேல பாடினா போதும்.

போர்ட்: இதை கடையிலயே திருப்பிப் பாருங்க. பின்னாடி ஓட்டை இருந்தா அதுக்கு மூச்சு விட சுவர்லேந்து கொஞ்சம் இடம் வேணும், நம்ம டிவி கன்சோல் மேல வச்சா சுவருக்கும் அதுக்கும் 5 செமீ கூட இருக்காது, பேஸ் கொழகொழன்னு ஆயிடும். முன்னாடி ஓட்டை உள்ளது, இல்ல ஓட்டையே இல்லாம மூடின பெட்டி, ரெண்டுல ஒண்ணு எடுங்க. ஏற்கனவே பின் ஓட்டை ஸ்பீக்கர் வாங்கிட்டீங்கன்னா ஒரு ஸ்பாஞ்சையோ சுத்தமான காலுறையையோ சுருட்டி அந்த ஓட்டைல வைங்க, பெரிய வித்தியாசம் தெரியும்.

மூணு முன் ஸ்பீக்கரும் ஒரே கம்பெனி, ஒரே சீரிஸா இருக்கட்டும். கார் இடதுலேந்து வலதுக்கு ஓடறப்போ நடுவுல சத்தத்தோட நிறம் மாறக்கூடாது.

ரிசீவர், அதாவது எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டற ஆம்ப் பெட்டி, வாங்கறதுக்கு முன்னாடி டிவி கன்சோலோட ஆழத்த அளங்க. நம்ம ரெனோவேஷன்ல சுவர்ல தொங்கவிடற கன்சோல் பெரும்பாலும் 35 செமீதான் இருக்கும், பல ரிசீவர் அதே அளவு ஆழம் இருக்கு, பின்னாடி கேபிள் வளைய இன்னும் இடம் வேணும். மேல காத்து போகவும் ஒரு சாண் விடணும். இடம் இல்லன்னா எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியோட சத்தத்த வாங்கிக்கற இணைப்பு) உள்ள ஆக்டிவ் ஸ்பீக்கர்னு இருக்கு, ஆம்ப் உள்ளயே இருக்கும், தனி ரிசீவரே வேணாம். 2.1 போதும்ங்கறவங்களுக்கு அது ரொம்ப நிம்மதி.

எங்க வாங்கறது

கேட்டுப் பாக்கணும்னா சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்துல கோல்மன் ஸ்திரீட்ல அடெல்ஃபி இருக்கு, ஒரே கட்டடத்துல வரிசையா ஹைஃபை கடைங்க. சிம் லிம் ஸ்குவேர்ல கேபிள், பிளக், பிராக்கெட் மாதிரி சில்லறைச் சாமான் கிடைக்கும். போறப்போ அந்த அஞ்சு நம்பரையும் எடுத்துட்டுப் போங்க, உங்களுக்கு நல்லா பழகின ஒரு பாட்டும் ஒரு வசனக் காட்சியும் ஃபோன்ல வச்சுக்குங்க. கடைக்காரர் போடற டெமோவ கேட்டுட்டு முடிவு பண்ணாதீங்க. பெண் குரல், ஆண் குரல், மிருதங்கம், இந்த மூணும் இயல்பா இருக்கான்னு மட்டும் கேளுங்க, பேச்சுல ஸ, ஷ எழுத்து காத குத்தினா அந்த ஸ்பீக்கர விட்டுடுங்க, ரெண்டு மீட்டர் தூரத்துல தினமும் கேக்கப் போறது நீங்க.

கரோசெல் ஆப்ல செகண்ட் ஹேண்ட் வாங்கறது தப்பே இல்ல, என் சென்டர் ஸ்பீக்கர் அப்படி வாங்கினதுதான். ஆனா நம்ம ஊர் ஈரப்பதம் பொல்லாதது. வூஃபர் கூம்பச் சுத்தி ஒரு வளையம் இருக்கும்ல, அது ரப்பரா ஃபோமான்னு பாருங்க. ரப்பர்னா பளபளன்னு வழுக்கும், பல வருஷம் தாங்கும். ஃபோம்னா ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும், இந்த ஈரத்துல அது மக்கிடும். ஃபோன் டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சு, விரல் நுனியால லேசா தொட்டுப் பாருங்க. நான் முதல்ல வாங்கின ஜோடில இதை செய்யல, வீட்ல வந்து ஸ்பீக்கரோட முன் துணிய கழட்டினா விரல்ல கறுப்பா பிசுக்குன்னு ஒட்டிச்சு, ரெண்டு இடத்துல வளையம் பேப்பர் மாதிரி கிழிஞ்சிருந்துச்சு. பாட்டு போட்டா பர்ருன்னு ஒரு சத்தம். வித்தவர் அப்புறம் மெசேஜுக்கு பதிலே போடல.

இன்னொரு ஆபத்து வோல்டேஜ். இங்க 230 வோல்ட். ஜப்பான்லேந்து வர்ற பழைய ஆம்ப் 100 வோல்ட், அமெரிக்காவோடது 120. பின்னாடி ஸ்டிக்கர படிக்காம நேரா சாக்கெட்ல சொருகினா புகைஞ்சிடும். சென்னைலேந்து அண்ணன் குடுத்து விட்ட ரிசீவர்னா அதே 230தான், பிளக் மட்டும்தான் வேற, இந்த ஊர் மூணு சதுரக் கால் 13 ஆம்பியர் பிளக் உள்ள பவர் கேபிள் மாத்திக்குங்க. எக்ஸ்டென்ஷனும் அடாப்டரும் சேஃப்டி மார்க் முத்திரை உள்ளதா பாத்து வாங்குங்க, படுக்கற ரூம்ல இதுல மட்டும் சிக்கனம் பண்ணாதீங்க.

முன் மூணையும் வைக்கிறது

டிவி 2.4 மீட்டர் தூரம்னா இடது, வலது ஸ்பீக்கருக்கு நடுவுல 1.9லேந்து 2.2 மீட்டர் வரைக்கும் விடுங்க. நடுக்கோட்டுலேந்து ஒவ்வொரு பக்கமும் 22லேந்து 30 டிகிரின்னு டால்பி சொல்ற கணக்குல இது குறைஞ்ச பக்கத்துக்குள்ள வந்துடும், 30 டிகிரிக்கே போனா 2.8 மீட்டர் வரும், ரூமே 3 மீட்டர்தான், ஸ்பீக்கர் மூலைல ஒட்டிக்கும். மூலை வேணாம், ரெண்டு சுவர் சேர்ற இடத்துல பேஸ் வீங்கும். முடிஞ்ச வரைக்கும் பக்க சுவர்லேந்து ஒரு 40, 50 செமீ தள்ளி வைங்க.

நடுக்கோடுன்னா ரூமோட நடு இல்ல, கட்டிலோட நடு. என் கட்டில் ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கு, நான் முதல்ல ரூம் நடுவ வச்சு டிவிய மாட்டிட்டேன், அப்புறம் பிராக்கெட்ட கழட்டி 30 செமீ நகர்த்தி மறுபடி மாட்ட வேண்டியதாப் போச்சு. ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தலையணைக்கும் நடுவுலேந்து எதிர் சுவருக்கு ஒரு நூல் இழுத்துப் பாருங்க.

உயரம்: ட்வீட்டர், அதாவது அந்த சின்ன வட்டம், உங்க காது உயரத்துல இருக்கணும். என் காது 108, அதனால ஸ்டாண்டு மேல ஸ்பீக்கர் வச்சு ட்வீட்டர் 105 கிட்ட வர்ற மாதிரி பண்ணேன். பெட்ரூம்ல டிவிய உயரமா மாட்டற பழக்கம் இருக்கு, அப்போ சென்டர் கீழ கன்சோல்ல இருக்கும், அதோட முன் பக்கத்துக்குக் கீழ ரப்பர் கால் வச்சு காத பாத்து நிமிர்த்துங்க, ஒரு டேப்ப ட்வீட்டர் மேல வச்சு பாத்தா கோடு எங்க போகுதுன்னு தெரியும், தலையணைக்கு போகணும், முட்டிக்கு போகக்கூடாது. சென்டர ஷெல்ஃபுக்குள்ள ஆழமா தள்ளாதீங்க, விளிம்பு வரைக்கும் முன்னாடி இழுங்க, உள்ள தள்ளினா குகைல பேசற மாதிரி இருக்கும்.

இடது வலது ரெண்டையும் உள்பக்கமா லேசா திருப்புங்க. ரெண்டு பேர் பாக்கறீங்கன்னா கொஞ்சம் அதிகமாவே திருப்பி, இடது ஸ்பீக்கர் வலது பக்கத்து ஆள பாக்கற மாதிரி, வலது ஸ்பீக்கர் இடது பக்கத்து ஆள பாக்கற மாதிரி வைங்க, அப்போ பக்கத்து ஸ்பீக்கர் யாரையும் கத்தி அமுக்காது.

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒரு பக்கம் இருந்தா அதுல சத்தம் பட்டு தெறிக்கும், அந்தப் பக்கம் மட்டும் கூர்மையா கேக்கும். நீங்க கட்டில்ல உக்காந்து பாக்கறப்போ அந்தக் கண்ணாடில ஸ்பீக்கர் தெரியுதுன்னா சத்தமும் அதே வழியிலதான் உங்களுக்கு வருது. அந்த இடத்துல ஒரு தடிமனான துணித் திரை, படம் பாக்கறப்போ மட்டும் இழுத்து விட்டாலும் போதும்.

ட்ரில் போடறதுன்னா ஒண்ணு கவனிங்க. எச்டிபில பாம் ஷெல்ட்டர் (குண்டுவீச்சுல ஒதுங்கற அறை) சுவர் சில வீட்ல பெட்ரூம ஒட்டி வரும். அந்தச் சுவர்ல இஷ்டத்துக்கு ஓட்டை போட முடியாது, சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படையோட விதி இருக்கு, அத படிச்சுட்டு தொடுங்க. வாடகை வீடுன்னா ஸ்டாண்டு தான் வழி.

பின் ஸ்பீக்கர் வைக்கலாமா

5.1ல சரவுண்ட் ஸ்பீக்கர் காதுக்கு நேர் பக்கத்துலேந்து கொஞ்சம் பின்னாடி, 110 டிகிரி கிட்ட இருக்கணும்னு கணக்கு. தலைமாட்டுச் சுவர்ல கட்டிலுக்கு ரெண்டு பக்கமும், சைடு டேபிளுக்கு மேல மாட்டினா ஓரளவுக்கு அது வந்துடும். காத விட 60 செமீயாவது மேல போகட்டும், இல்லன்னா ஓரத்துல படுக்கறவங்களுக்கு காதுக்குள்ள கத்தற மாதிரி இருக்கும், மேல ஏத்தி எதிர் சுவரப் பாக்கற மாதிரி திருப்பினா சத்தம் பரவும்.

தலையணைக்கு நேர் மேல மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாட்டாதீங்க. மூணு கிலோ பெட்டி, பிளாஸ்டிக் பிளக்ல தொங்குது, கீழ குழந்தை தூங்குதுன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. ஜன்னல் விளிம்புலயும் வேணாம், டிசம்பர் மழைக்கு சாரல் அடிச்சா ரெண்டு நாள்ல கூம்பு ஊதிடும்.

சப்வூஃபர், அதோட கீழ் வீடு

இதுக்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன், ஏன்னா ஸ்பீக்கர் தப்பா வச்சா நமக்கு மட்டும்தான் கஷ்டம், சப்வூஃபர தப்பா வச்சா அடுத்தவங்களுக்கு கஷ்டம்.

எங்க சப்ப நான் முதல்ல மூலைல அலமாரிக்குப் பக்கத்துல வச்சேன், அங்கதான் இடம் இருந்துச்சு. நல்லா அதிர்ந்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு வாரம் கழிச்சு லிஃப்ட்ல கீழ் வீட்டு மக்சிக் (மலாய்ல அத்தை மாதிரி) பாத்தாங்க, வயசானவங்க, தன்மையா கேட்டாங்க, ராத்திரில வீட்ல ஏதாவது மெஷின் ஓடுதா தம்பின்னு. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. தீபாவளிக்கு முறுக்கு குடுக்கப் போறப்போ அவங்ககிட்டயே கேட்டு அவங்க ரூம்ல நின்னேன், மேல எங்க வீட்ல என் வீட்டுக்காரம்மா அதே படத்த அதே வால்யூம்ல போட்டாங்க. வசனம் ஒரு எழுத்து கூட கேக்கல. ஆனா மக்சிக் என் கைய பிடிச்சு அவங்க அலமாரிக் கதவுல வச்சாங்க. கதவு நடுங்கிட்டு இருந்துச்சு, உள்ள ஹேங்கர் ஒண்ணோட ஒண்ணு தட்டி கினுகினுன்னு ஒரு சத்தம். அவங்க தினமும் அதைக் கேட்டுட்டுதான் தூங்கியிருக்காங்க.

அன்னிக்கு ராத்திரியே சப்ப மூலைலேந்து எடுத்துட்டேன். மூலைல வச்சா மூணு பக்கமும் பேஸ் ஏறும், கான்கிரீட் வழியா கீழ இறங்கும். நீங்க ஆரம்பத்துலயே இப்படிச் செய்ங்க.

8 இஞ்ச் போதும், போர்ட் இல்லாத மூடின பெட்டின்னா இன்னும் நல்லது, சின்ன ரூம்ல அது அடங்கி நிக்கும். அப்புறம் இடம் தேடற வேலை: சப்ப தூக்கி கட்டில்ல உங்க தலை இருக்கற இடத்துல, ஒரு பலகை போட்டு வைங்க. ஆமா, கட்டில் மேலதான். ஒரே சீரா போற பேஸ் உள்ள பாட்ட திரும்பத் திரும்ப ஓடவிடுங்க. இப்போ நீங்க தரையில முட்டி போட்டு, சப் வைக்க முடியற ஒவ்வொரு இடத்துலயும் தலைய தரைக்குக் கிட்ட கொண்டு போய் கேளுங்க. ஒரு இடத்துல ஊதும், ஒரு இடத்துல காணாமப் போயிடும், ஒரு இடத்துல ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே அளவா தெளிவா கேக்கும். அந்த தெளிவான இடத்துல சப்ப இறக்குங்க. எனக்கு அது முன் சுவர்ல டிவிக்கு இடது பக்கம், மூலைலேந்து 80 செமீ தள்ளி வந்துச்சு.

அடில தடிமனான ஐசோலேஷன் பேட் போடுங்க. பெட்டியோட அதிர்வு தரைக்கு போறத அது குறைக்கும், ஆனா காத்து வழியா போற பேஸ அது தடுக்காது, அதனால பேட் போட்டாச்சுன்னு வால்யூம ஏத்தாதீங்க. அதுல இன்னொரு உதவி, மாப் போடறப்போ தண்ணி பெட்டிய தொடாது. தூள் மரத்துல செஞ்ச பெட்டி தண்ணி பட்டா கீழ் ஓரம் ஊதி பிளந்துடும்.

சப் பின்னாடி இருக்கற குமிழ்: கேயின் (சப்போட வால்யூம்) பாதிக்கு வைங்க, ரிசீவர் இருந்தா லோ பாஸ் குமிழ முழுசா மேல ஏத்திடுங்க, பிரிக்கற வேலைய ரிசீவர் பாத்துக்கும். ஃபேஸ் சுவிட்ச 0, 180 ரெண்டுலயும் மாத்தி கேளுங்க, எதுல பேஸ் நிறைவா இருக்கோ அது சரி.

உங்க ரூம்ல அலமாரி கதவு, ஏர்கான் மூடி, போட்டோ ஃபிரேம் எல்லாம் கிர்ருங்கும். 20லேந்து 120 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏறுற டெஸ்ட் சத்தத்த ஓட விட்டு, எது நடுங்குதோ அத கையால அமுக்கிப் பாருங்க, சத்தம் நின்னா அதான் குற்றவாளி. நாற்காலி காலுக்கு ஒட்டற ஃபெல்ட் துண்டு போதும், கதவு சட்டத்துல ஒட்டிடுங்க.

நேரம்: ராத்திரி 10லேந்து காலைல 8 வரைக்கும் அமைதி நேரமா இருக்கணும்னு அண்டைவீட்டு இரைச்சல் பத்தி ஆராய்ஞ்ச சமூக ஆலோசனைக் குழு 2022ல பரிந்துரைச்சுது. ஷிஃப்ட் முடிச்சு லேட்டா வர்றவங்களுக்கு இது கஷ்டம்தான், புரியுது. அதுக்கு வழி கடைசில சொல்றேன்.

வயர் வேலை

10 மீட்டருக்குள்ள 16 கேஜ் செம்பு ஒயர் போதும். செம்பு பூசின அலுமினியம்னு ஒண்ணு விக்கறாங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு இழைய பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம், வளைச்சு வளைச்சு வச்சா உடைஞ்சிடும். சுத்த செம்புன்னு எழுதியிருந்த சுருள் ஒண்ண வாங்கிட்டு வந்து நான் சுரண்டினப்போ வெள்ளையாத்தான் இருந்துச்சு, அதனால சொல்றேன், கடைலயே ஒரு நுனி சுரண்டிப் பாக்க கேளுங்க.

ஒயர்ல ஒரு பக்கம் கோடோ சிவப்போ இருக்கும், ரெண்டு முனைலயும் அது சிவப்புக்கே போகணும். ஒரு ஸ்பீக்கர்ல மாறிடுச்சுன்னா பேஸ் காணாமப் போகும், குரல் எங்கேந்து வருதுன்னே தெரியாது. பழைய வீட்ல ஏற்கனவே சுவருக்குள்ள ஒயர் ஓடுது, எது எதுன்னு தெரியலைன்னா ரிசீவர்லேந்து ஒயர கழட்டிட்டு, 1.5 வோல்ட் பேட்டரிய அந்த முனைல ஒரு நொடி தொடுங்க. பேட்டரியோட பிளஸ் எந்த ஒயர்ல படறப்போ கூம்பு வெளிய தள்ளுதோ, அந்த ஒயர்தான் சிவப்பு. ஒரு நொடிதான், பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க.

டிவிலேந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ கேபிள, ஏஆர்சி இல்ல ஈஏஆர்சின்னு எழுதியிருக்கற ஓட்டைல மட்டும் சொருகுங்க, மத்த ஓட்டைல சொருகினா டிவியோட சத்தம் வராது. ஆப்டிகல் கேபிள்ல சாதாரண 5.1 வரும், அட்மாஸ் வராது. டிவி செட்டிங்ஸ்ல ஆடியோ அவுட்புட்ட பிசிஎம்லேந்து பிட்ஸ்ட்ரீம் இல்ல பாஸ்த்ரூன்னு மாத்துங்க, நிறைய பேர் இதை விட்டுட்டு சென்டர் வேலை செய்யலைன்னு திண்டாடறாங்க.

ஏர்கானுக்கு நேர் கீழ ரிசீவர் வேணாம். இந்த ஊர்ல ஏர்கான் ஒழுகாத வீடு எது சொல்லுங்க.

கடைசியா செட்டிங்

ரிசீவரோட மைக் வரும். ஃபேன், ஏர்கான் ரெண்டையும் நிறுத்துங்க, ஜன்னல மூடுங்க. மைக்க தலையணை மேல படுக்க வைக்காதீங்க, துணி சத்தத்த உறிஞ்சி கணக்க கெடுத்துடும், ஒரு சின்ன ட்ரைபாட்ல காது உயரத்துக்கு நிறுத்தி, பின் சுவர்லேந்து உங்க காது எவ்வளவு தள்ளியோ அதே தூரத்துல வைங்க. முதல் அளவு நடுவுல, அடுத்தது ரெண்டு பேர் தலை இருக்கற இடத்துல. அது முடிஞ்சதும் உள்ள போய் மூணு விஷயம் சரி பாருங்க. எல்லா ஸ்பீக்கரும் ஸ்மால்னு இருக்கா, கிராஸ்ஓவர் (அதுக்குக் கீழ உள்ள பேஸ் சப்புக்கு போற எல்லை) 80 இல்ல 100ல இருக்கா, தூரம் நீங்க டேப்ல அளந்ததோட ஒத்துப் போகுதா. சப்வூஃபர் தூரம் மட்டும் அளந்தத விட அதிகமா காட்டும், அதுக்குள்ள இருக்கற எலக்ட்ரானிக்ஸ் தாமதத்தையும் சேத்து சொல்லுது, அத மாத்தாதீங்க.

அப்புறம் ராத்திரிக்கு ஒரு தனி செட்டிங். ரிசீவர்ல நைட் மோடு இல்ல டைனமிக் ரேஞ்ச்னு இருக்கும், அத ஆன் பண்ணா குண்டு சத்தம் அடங்கி வசனம் மேல வரும். சப்ப 6 டெசிபல் இறக்குங்க, சென்டர 2 ஏத்துங்க, 11 மணிக்கு மேலன்னா சப்ப ஆஃப் பண்ணிடுங்க. ரிசீவர்ல பிரீசெட் வசதி இருந்தா இத ஒரு பட்டன்ல சேமிச்சுக்கலாம். செட் பண்ண மறுநாள் கீழ் வீட்டுக் கதவ தட்டி, நேத்து ராத்திரி ஏதாவது கேட்டுச்சான்னு கேளுங்க. நான் கேட்டப்போ மக்சிக் அலமாரியத் திறந்து காட்டி தலையாட்டினாங்க, ஹேங்கர் சும்மா தொங்கிட்டு இருந்துச்சு.